எருத்தேம்பதியிலிருந்து துபாய்: கொச்சியா, கோவையா? பறக்கும் நேரம் இரண்டரை மணியா, நான்கு மணியா?

#1 தோப்புக்காரர் (எருத்தேம்பதி, பாலக்காட்டு எல்லை)

எல்லோருக்கும் வணக்கம். தென்னையில் வெள்ளை ஈ விழுந்தபோது இதே மன்றத்தில் கேட்டுத்தான் தப்பித்தேன். இப்போது கேட்பது தோப்பைப் பற்றி அல்ல.

மூத்த மகள் துபாயில் இருக்கிறாள். ஆவணி கடைசியில் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். ஆடி கழிந்ததும் என் மனைவி அங்கே போக வேண்டும். தனியாகத்தான் போகிறாள். இதுவரை அவள் போன நெடும்பயணம் ராமேஸ்வரம், அதுவும் முப்பது பேரோடு வேனில்.

என் குழப்பம் இதுதான். கொச்சியில் அதிகாலை 4.25-க்குப் புறப்பட்டு 7.00 மணிக்குத் துபாய் போய்ச் சேரும் என்று டிக்கெட் எடுக்கும் இடத்தில் காட்டுகிறது. அப்படியானால் 2 மணி 35 நிமிடம். மருமகனைக் கேட்டால் "நாலு மணி நேரம் ஆகும் மாமா" என்கிறார். இணையத்தில் தேடினால் தூரம் ஓர் இடத்தில் 1,502, இன்னோர் இடத்தில் 1,729, வேறோர் இடத்தில் 2,782. எதை நம்புவது?

வெறும் ஆர்வத்தில் கேட்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய். காலை 7, இரவு 7 என்று சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். விமானத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. இன்னொன்று, கொச்சியில் ஏறுவது நல்லதா, கோயம்புத்தூரில் ஏறுவது நல்லதா?


#2 சந்தேகப் பேர்வழி (சித்தூர்)

ஐயா, 1,502 என்பது மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். பெருக்கினால் 2,417 கி.மீ. விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும். ஆக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். 2 மணி 35 நிமிடம் சரியாகத்தான் இருக்கும்.


#3 முன்னாள் தேராக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, அவசரப்பட்டு விடை எழுதிவிட்டீர். சித்தூர் என்றதும் எந்தச் சித்தூர் என்று கேட்கத் தோன்றியது, நம் பாலக்காட்டுச் சித்தூர்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தோப்புக்காரர் ஐயா, உங்கள் மருமகன் சொன்னதுதான் சரி. துபாயில், தேரா என்ற பகுதியில், பத்தொன்பது வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர் மணி, சேரும் நேரம் அந்த ஊர் மணி. அவர்கள் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். துபாயில் காலை 7 என்றால் எருத்தேம்பதியில் 8.30. அதிகாலை 4.25-லிருந்து 8.30 வரை எண்ணுங்கள், 4 மணி 5 நிமிடம் வரும். கணக்கு முடிந்தது.

திரும்பி வரும்போது இது தலைகீழாகும். நான்கு மணி நேரப் பயணம் டிக்கெட்டில் ஐந்தரை மணி போலத் தெரியும். முதல் விடுமுறைக்கு வந்தபோது நானே பயந்துபோனேன். போகும்போது சீக்கிரம் போன விமானம் வரும்போது எங்கோ சுற்றிக்கொண்டு வருகிறதோ என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டு மானம் போனது.


#4 கணக்கு வாத்தியார் (ஓய்வு)

தூரத்தை நான் தீர்த்துவைக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் தமிழ் வழியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இப்படி ஒரு கேள்வி வந்தால் கை சும்மா இருக்காது.

தோப்புக்காரர் பார்த்த மூன்று எண்களும் சரி. மூன்றும் ஒரே தூரம். 2,782 என்பது கிலோமீட்டர். 1,729 என்பது நாம் பள்ளியில் படித்த தரை மைல். 1,502 என்பது நாட்டிகல் மைல், அதாவது கடல் மைல். கப்பலிலும் விமானத்திலும் அதைத்தான் புழங்குவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 1,502-ஐ 1.852-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,782-க்கு வந்து நிற்கும். சந்தேகப் பேர்வழி தம்பி கடல் மைலைத் தரை மைல் விலைக்கு விற்றுவிட்டார். அதில் 365 கி.மீ. காணாமல் போனது. (1,729 கணித மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ராமானுஜன் எண். அது இங்கே வந்து விழுந்திருப்பது தற்செயல்தான், ஆனால் எனக்கு மகிழ்ச்சி.)

இந்தத் தூரத்தை வீட்டிலேயே ஒரு காகிதத்தில் கண்டுபிடிக்கலாம். நெடும்பாசேரி, அதாவது கொச்சி விமான நிலையம், ஏறத்தாழ 10.15 பாகை வடக்கு, 76.4 பாகை கிழக்கு. துபாய் 25.25 வடக்கு, 55.36 கிழக்கு. வடக்கு தெற்கு வித்தியாசம் 15.1 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ., எனவே 1,676. கிழக்கு மேற்கு வித்தியாசம் 21 பாகை. இங்கே 111 போடக் கூடாது. பலாச்சுளை நுனியில் ஒடுங்குவதைப் போலத் தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். நடுவழியின் அட்சம் சுமார் 17.7 பாகை, அதன் கோசைனால் பெருக்கினால் ஒரு பாகைக்கு 106 கி.மீ. 21 பாகைக்கு 2,226. இனிப் பிதாகரஸ்: இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,786. உருண்டைக்கான முழுச் சூத்திரத்தைப் போட்டால் 2,782. நான்கு கிலோமீட்டர்தான் பிசகு. எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இது போதாதா?


#5 சந்தேகப் பேர்வழி (சித்தூர்)

தவறுதான் வாத்தியாரே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2,782-ஐ 850-ஆல் வகுத்தாலும் மூன்றே கால் மணி நேரம்தான் வருகிறது. நான்கு எங்கிருந்து வந்தது? முக்கால் மணி நேரத்தை யார் தின்றார்கள்?

இன்னொரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. துபாய் மேற்கே இருக்கிறது. விமானம் மேலே போய்ச் சும்மா நின்றாலே துபாய் தானாக இதை நோக்கி வந்துவிட வேண்டுமே?


#6 முன்னாள் தேராக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

முதல் கேள்விக்கு நான், இரண்டாவதற்கு வாத்தியார்.

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுத்து வண்டி அசைகிற நொடியில் கடிகாரம் தொடங்கும். அந்த ஊரில் போய் நின்று மறுபடி முட்டுக்கட்டை வைக்கும்போது முடியும். அந்தக் கட்டைகளை எடுத்து வைத்த கைகளில் என் கையும் ஒன்று. நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் தள்ளிவிட வேண்டும், ஊர்ந்து ஓடுபாதை முனைக்குப் போக வேண்டும், முன்னால் இரண்டு விமானம் இருந்தால் காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் 850-இல் பறக்க முடியாது. நம் பழைய குதிரான் மலை ஏற்றத்தில் சுமை லாரி முக்கிக்கொண்டு போனதே, அந்த மாதிரி ஏறுகிற முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் வேகம் குறைவுதான். துபாய் மேலே நெரிசலான நேரமாக இருந்தால் வரிசையில் நிறுத்திச் சுற்ற விடுவார்கள். இறங்கிய பிறகும் நிறுத்தும் இடம் வரை ஊர்ந்துதான் போக வேண்டும்.

அதோடு விமானம் வாத்தியாரின் காகிதக் கோட்டில் போவதில்லை. வானத்திலும் சாலைகள் உண்டு. அரபிக்கடலைக் கடந்து ஓமன் வான்பரப்புக்குள் நுழைந்து, அவர்கள் காட்டுகிற வழியில்தான் இறங்க வேண்டும். அதனால் தூரம் சற்றுக் கூடும். இதற்கெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகத்தான் நேரம் போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் போய் நின்றால் "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொல்லலாம் அல்லவா?

என் பெரியப்பா 1960-களில் உருவில், அதாவது பாய்மரக் கப்பலில், போய்க் கோர்பக்கான் பக்கத்தில் கரைக்குத் தூரத்திலேயே இறக்கிவிடப்பட்டு நீந்திப் போனவர். அவரிடம் நான்கு மணியா நான்கே கால் மணியா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.


#7 கணக்கு வாத்தியார் (ஓய்வு)

பூமி சுழல்கிற கேள்வியை வருடா வருடம் ஒரு பையனாவது கேட்பான். கேட்காத வகுப்பில்தான் எனக்குக் கவலை.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் நடத்துனர் முன்னாலும் பின்னாலும் நடந்து டிக்கெட் கொடுக்கிறார். பின்பக்கம் நடக்கும்போது படிக்கட்டு அவரை நோக்கிப் பாய்ந்து வருகிறதா? இல்லை. அவரும் பஸ்ஸோடு ஓடிக்கொண்டிருக்கிறார். விமானமும் அதைச் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. சுழற்சியால் நேரடி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

லாப நட்டம் காற்றில்தான் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று ஓடும். அப்போது இங்கிருந்து போகிறவர்களுக்கு எதிர்காற்று, அங்கிருந்து வருகிறவர்களுக்குப் பின்காற்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் வேறு கதை. கீழே நமக்கு மேற்குக் காற்றுதான், பாலக்காட்டுக் கணவாயில் அது எப்படி வீசும் என்று தோப்புக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மட்டை விழுவதைப் பார்த்திருப்பார். ஆனால் மிக உயரத்தில் தீபகற்பத்துக்கு மேலே காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். ஆக ஆவணியில் போகிற அம்மாவுக்கு முதுகில் காற்று. சில நிமிடங்கள் மிச்சப்படலாம்.


#8 வண்ணாமடை செவிலி

தூரக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஐயா கேட்ட இன்சுலினை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

அண்ணா, நான் செவிலியர், மருத்துவர் அல்ல. அளவைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், அதை அக்காவைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது "நாலு மணி நேர விமானம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரவு வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து மகள் வீட்டில் உட்காரும் வரை மணி எழுதிக் காட்டுங்கள். நம் ஊர்க் காலை 7 மணி அவர் கடலுக்கு மேலே இருக்கும்போது வருகிறது. அப்போது துபாயில் 5.30. ஊசியை அந்த நேரத்திலா, இறங்கிச் சாப்பிடும்போதா என்று டாக்டர் முடிவு செய்வார். ஒன்றரை மணி வித்தியாசம் பெரிய சிக்கல் இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசி என்கிறீர்கள். அப்படியானால் தட்டு கண்முன்னால் வராமல் ஊசி போடக் கூடாது. தட்டு வரத் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கீழே சாமான் அறையில் குளிரில் உறைந்துபோக வாய்ப்பு உண்டு, பெட்டி தொலைந்தாலும் ஆபத்து. கைப்பையில், குளிர் காக்கும் பையில் வையுங்கள், பனிக்கட்டியோடு நேரே ஒட்டாமல். மருத்துவர் கடிதமும் மருந்துச் சீட்டும் மேலேயே இருக்கட்டும். இரண்டு மடங்கு மருந்து கொண்டுபோகச் சொல்லுங்கள். கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ பையின் வெளி அறையில் இருக்க வேண்டும். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? டிரமடால், கோடீன் சேர்ந்தவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. அதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.


#9 மீனாட்சிபுரத்து மருமகள்

பிரசவத்துக்குப் போகிறார் என்றால் லேகியம், பத்திய மருந்து எல்லாம் கட்டுவார் அல்லவா? கசகசா வைத்துவிட வேண்டாம்! அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப் பொருளாகவே பார்ப்பார்கள். குருமாவுக்கு என்று ஒரு பொட்டலம் கொண்டுபோனாலும் வழக்குதான். லேகியத்தில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வேண்டாம்.


#10 தோப்புக்காரர் (எருத்தேம்பதி)

அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். பதிவைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். கால் கிலோ கசகசா, டப்பாவில், துணி சுற்றி, பெட்டியின் அடியில்! எடுத்தாயிற்று. "கசகசாவுக்குப் பயப்படுகிற ஊரில் என் மகள் எப்படிப் பிள்ளை பெறுவாள்" என்று ஒரு மணி நேரமாக எனக்குத்தான் திட்டு. அதோடு நம் தோப்புக் கொப்பரை நான்கு கிலோ வைத்திருக்கிறாள். அதற்குத் தடை இருக்காதே?


#11 முன்னாள் தேராக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

இருக்கிறது ஐயா. அது அந்த ஊர்த் தடை அல்ல, விமானத்துத் தடை. கொப்பரையில் எண்ணெய் அதிகம், சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும் சரக்கு வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பெட்டியைக் கதிர்ப்படத்தில் பார்த்ததும் திறக்கச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் நம் ஆட்கள் விட்டுப்போன கொப்பரையில் ஒரு செக்கே ஓட்டியிருக்கலாம். தேங்காய் எண்ணெயாக ஆட்டி, நன்றாக மூடி, பெரிய பெட்டியில் போடுங்கள். போகும் விமான நிறுவனத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.


#12 நெறியாளர்

இழை கொப்பரைக்குப் போய்விட்டது. பயனுள்ளது என்பதால் விட்டுவைக்கிறேன். கொச்சியா கோவையா என்ற கேள்வி இன்னும் தொங்குகிறது.


#13 வாளையார் வண்டிக்காரர்

அதற்கு நான் வருகிறேன். இருபது வருடமாக இரண்டு விமான நிலையத்துக்கும் ஓட்டுகிறவன்.

எருத்தேம்பதியிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவை விமான நிலையம் சுமார் 40, 45 கி.மீ. ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நெடும்பாசேரி சுமார் 135 கி.மீ. வரும். பாலக்காடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி, குதிரான், மண்ணுத்தி, சாலக்குடி, அங்கமாலி. குதிரானில் இரட்டைச் சுரங்கம் 2021, 2022-இல் திறந்த பிறகு அந்த ஏற்றத்தில் மணிக்கணக்கில் நிற்கும் துன்பம் போனது. அதற்கு முன்னால் அங்கே லாரி கவிழ்ந்து விமானத்தைத் தவறவிட்டவர்களை என் வண்டியிலேயே திருப்பிக் கூட்டிவந்திருக்கிறேன். ஆனால் திருச்சூருக்கு அப்பால் அடிப்பாதை வேலை நடந்தபோது ஒரு நள்ளிரவில் ஒன்றே முக்கால் மணி நேரம் நகராமல் நின்றோம். பின்னிருக்கையில் சவூதி போகிற பையன் அழுதேவிட்டான். இரவு என்றாலும் மூன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மழை என்றால் நாலரை.

மழை என்றதும் 2018 நினைவு வருகிறது. பெரியாறு பெருகி ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, ஆகஸ்ட் 15 முதல் 29 வரை நெடும்பாசேரி மூடிக் கிடந்தது. எல்லா வருடமும் அப்படி ஆகாது, சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி. கேரளப் பதிவு டாக்ஸி கோவைக்குள் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுப் பெர்மிட் தனியாக எடுக்க வேண்டும். அது வாடகையில் ஏறும். சொந்தக் கார் என்றால் தொல்லை இல்லை.


#14 கணக்கு வாத்தியார் (ஓய்வு)

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அந்தத் தூரத்தையும் கணக்குப் போட்டேன், 2,770 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கொச்சி துபாய் 2,782. வானத்தில் வித்தியாசம் பதினைந்து கிலோமீட்டர், அதாவது ஒரு நிமிடம். தரையில் இங்கே வித்தியாசம் 90 கிலோமீட்டர். விமானத்தில் எத்தனை மணி என்று கேட்டு ஆரம்பித்த இழை இது, அதில் இரண்டுக்கும் பேதமே இல்லை. மிச்சப்படுத்துவது என்றால் சாலையில்தான் மிச்சம். என் ஓட்டு கோவைக்கு.


#15 முன்னாள் தேராக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

வாத்தியார் இந்தப் பக்கத்துச் சாலையை மட்டும் அளந்தார், அந்தப் பக்கத்தை அளக்கவில்லை. ஷார்ஜாவில் இறங்கித் துபாய்க்குள் போகும் சாலை இருக்கிறதே, வேலை விட்டு வரும் நேரத்தில் அதில் மாட்டியவன் அந்தக் காலத்து வாளையார் சோதனைச் சாவடி லாரி வரிசையைக் கோவிலாகக் கும்பிடுவான். மகள் வீடு துபாயில் எந்தப் பகுதி ஐயா?


#16 தோப்புக்காரர் (எருத்தேம்பதி)

அல் நஹ்தா என்று முகவரியில் இருக்கிறது.


#17 முன்னாள் தேராக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

எந்த அல் நஹ்தா? துபாயில் ஒன்று, ஷார்ஜாவில் ஒன்று. இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, நடுவில் எல்லை ஓடுகிறது. நம் வேலந்தாவளத்தில் தெருவின் இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு என்கிறோமே, அப்படித்தான். எல்லையில் பிறந்த பிள்ளை அங்கே போயும் எல்லையிலேயே வீடு பிடித்திருக்கிறாள்! எந்த நஹ்தாவாக இருந்தாலும் இரண்டு விமான நிலையமும் பக்கம்தான். துபாய் கொஞ்சம் கூடப் பக்கம். அதிகாலையில் இறங்கினால் எதிலிருந்தும் அரை மணி, முக்கால் மணியில் வீடு. என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டு நானும் கோவைக்கே ஓட்டுப் போடுகிறேன். 1994-இல் எனக்கு முதல் விசா வந்தபோது பம்பாய் வரை ரயிலில் போய்த்தான் விமானம் ஏறினேன். நெடும்பாசேரியே 1999-இல்தான் திறந்தது. இன்று வீட்டுக்கு இரண்டு பக்கமும் விமான நிலையம் இருக்கிறது, நாம் எது பக்கம் என்று சண்டை போடுகிறோம்.


#18 மீனாட்சிபுரத்து மருமகள்

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆண்கள் ஐந்து பேர் கிலோமீட்டர் எண்ணுகிறீர்கள். போகிற அம்மாவை யாராவது கேட்டீர்களா?


#19 தோப்புக்காரர் (எருத்தேம்பதி)

நியாயம். நேற்று இரவு கேட்டேன். வாத்தியாரின் காகிதக் கணக்கைக் காட்டி, கோவை என்றால் 90 கி.மீ. மிச்சம் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நம்ம பால் சொசைட்டிச் சரோஜாவோட அக்கா அதே வாரம் கொச்சியிலிருந்து மகனைப் பார்க்கப் போறா, அவகூடப் போறேன், பேச்சுத்துணை இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். கொச்சிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, பக்கத்துப் பக்கத்து இருக்கை. வாத்தியார் மன்னிக்க வேண்டும்.

டாக்டரையும் பார்த்தோம். செவிலியர் தங்கை சொன்னபடி மணி எழுதிய காகிதத்தைக் கொடுத்ததும், இப்படி யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை என்றார். காலை ஊசியை மகள் வீட்டில் சிற்றுண்டிக்கு முன் போடச் சொல்லிவிட்டார். வழியில் சர்க்கரையைச் சோதிக்கக் கருவியும் கையில் இருக்கிறது.


#20 கணக்கு வாத்தியார் (ஓய்வு)

பேச்சுத்துணைக்குச் சூத்திரம் இல்லை. மன்னித்தேன். ஆனால் ஒரு வேண்டுகோள். அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வழியில் நேரங்களைக் குறித்து வரச் சொல்ல முடியுமா? கைக்கடிகாரத்தை மாற்றாமல், முழுவதும் நம் ஊர் மணியிலேயே.


#21 தோப்புக்காரர் (எருத்தேம்பதி)

இருபது நாள் கழித்து வருகிறேன். முதலில் செய்தி: பேத்தி. தாயும் சேயும் நலம்.

வாத்தியார் கேட்ட நோட்டைப் படம் எடுத்து மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கம். இருக்கிறபடியே தருகிறேன், எல்லாம் நம் ஊர் மணி.

இரவு 9.20 வீடு. 10.50 குதிரான் சுரங்கம் ("உள்ளே நல்ல வெளிச்சம்"). 12.10 சாலக்குடிக்கு முன் நின்றோம், மழை. 1.05 நெடும்பாசேரி. 4.38 விமானம் பின்னால் போனது ("முன்னால் போகும் என்று நினைத்தேன்"). 4.52 தரை விட்டது. 6.10 சர்க்கரை பார்த்தேன், 142. 6.40 ஜன்னலில் வெளிச்சம், கீழே கடல், கப்பல் ஒன்றும் இல்லை. 8.21 தரை தொட்டது. 8.30 நின்றது. 9.40 வெளியே, மருமகன். 10.25 வீடு, ஊசி, இட்லி.

நான் கூட்டிப் பார்த்தேன். தரை விட்டுத் தரை தொட 3 மணி 29 நிமிடம். அசைந்ததிலிருந்து நின்றது வரை 3 மணி 52 நிமிடம். வீட்டிலிருந்து வீட்டுக்கு 13 மணி 5 நிமிடம்.


#22 சந்தேகப் பேர்வழி (சித்தூர்)

பேத்திக்கு வாழ்த்துகள் ஐயா. 2,782-ஐ 3 மணி 29 நிமிடத்தால் வகுத்தேன், சராசரி மணிக்கு 799 கி.மீ. வருகிறது. இந்த முறை சரியான கிலோமீட்டரைத்தான் போட்டிருக்கிறேன்.


#23 கணக்கு வாத்தியார் (ஓய்வு)

சரியாக இருக்கிறது தம்பி. முழு மதிப்பெண். 13 நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் போட்டிருந்த 8.30-க்கே நின்றிருக்கிறது, கவனித்தீர்களா? காற்றும் உதவியிருக்கலாம், தேராக்காரர் சொன்ன தாராளக் கணக்கும் உதவியிருக்கலாம். "கப்பல் ஒன்றும் இல்லை" என்ற வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.


#24 தோப்புக்காரர் (எருத்தேம்பதி)

கடிகாரத்தை மாற்றாதே என்று வாத்தியார் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இன்னும் மாற்றவில்லை. மகள் வீட்டுச் சுவரில் ஒரு மணி, இவள் கையில் ஒரு மணி. தினமும் நம் ஊர் ஐந்தரைக்கு, அங்கே விடியற்காலை நான்கு, எழுந்து எனக்குப் போன் செய்து மாட்டுக்குத் தவிடு வைத்தாயிற்றா என்று கேட்கிறாள். பேத்தியும் அந்த நேரத்துக்குத்தான் விழிக்கிறாளாம், ஆகவே வீட்டில் யாருக்கும் புகார் இல்லை.

ஐப்பசியில் திரும்ப வருகிறாள். மதியம் 1.35-க்குப் புறப்பட்டு இரவு 7.05-க்குக் கொச்சி என்று டிக்கெட் வந்திருக்கிறது. பார்த்ததும் ஐந்தரை மணி நேரமா என்று ஒரு நொடி நெஞ்சு அடைத்தது. பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன்.